ஐவிஐஜி, ஸ்டீராய்டு, பிளாஸ்மா மூணும் கேக்காத சிஐடிபி: அடுத்து என்ன பண்றது

தங்கச்சி, அண்ணனைப் பத்தி நீங்க எழுதினதை முழுசா படிச்சேன். மத்தவங்களுக்கும் புரியட்டும்னு சுருக்கிச் சொல்லிடறேன். அண்ணனுக்கு வயசு 34, எடை 72 கிலோ, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. போன வருஷம் கால் மரமரப்புல ஆரம்பிச்சு மூணு மாசத்துக்குள்ள படி ஏற முடியல, அப்புறம் கையும் தளர்ந்து, இப்போ ரெண்டு கையும் நடுங்குது, கண்ணை மூடினா விழப் போறார். நெர்வ் கண்டக்‌ஷன் பாத்து சிஐடிபின்னு (ஒடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்போட மேலுறையைத் தாக்கற நாள்பட்ட வியாதி) சொல்லிருக்காங்க, முதுகுல நீர் எடுத்ததுல புரோட்டீன் 310. ஐவிஐஜி (ரத்தம் குடுத்தவங்ககிட்ட இருந்து பிரிச்செடுத்த ஆன்டிபாடி மருந்து) மூணு தடவை, ஸ்டீராய்டு, பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (ரத்தத்தோட நீர்ப் பகுதியைப் பிரிச்செடுத்து மாத்தறது) எல்லாம் ஆச்சு, எதுவும் நிக்கல. இப்போ ஸ்டெம்செல் ஊசி போடலாமா, திருவனந்தபுரமா வேலூரா, உழிச்சில் (எண்ணெய் தடவறது), கிழி (சூடான மருந்து மூட்டை ஒத்தடம்) பாக்கலாமா, அண்ணன் மறுபடி வெட்டுக்குப் போவாரான்னு கேட்டிருக்கீங்க.

நான் நரம்பு டாக்டர், மார்த்தாண்டம் பக்கம் தான் பாக்கறேன். நேர்ல பாக்காம இந்த மருந்தைப் போடு, அதை நிறுத்துன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த தடவை டாக்டர் முன்னாடி உக்காரும்போது என்னத்த கேக்கணும்னு நல்லாவே சொல்ல முடியும். சிஐடிபி லட்சம் பேர்ல மூணு பேருக்கு இருக்கும்னு கணக்கு, நம்ம குமரி ஜில்லாவுல 2011 கணக்கெடுப்புப்படி 18 லட்சத்து 70 ஆயிரம் பேர், அப்போ ஜில்லா மொத்தத்துக்கும் ஒரு அம்பது பேர் தான் வரும். அதனால ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் இதுல பழக்கம் குறைவா இருக்கறது இயல்பு, யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல.

முதல்ல அந்த ஃபைலை எடுத்து பில்லைப் பாருங்க, நிஜமாத்தான் சொல்றேன், ரிப்போர்ட்டை விட பில்லுல நிறைய விஷயம் இருக்கு. நீங்க போட்டோ எடுத்து அனுப்பின பில்லுல முதல் தடவை ஐவிஐஜி 5 கிராம் பாட்டில் 18 ன்னு இருக்கு, அதாவது 90 கிராம். முதல் கோர்ஸ்க்கு கிலோவுக்கு 2 கிராம் வீதம் மொத்தமா குடுக்கறது தான் முறை, 72 கிலோவுக்கு 144 கிராம், கிட்டத்தட்ட 29 பாட்டில். அப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை கிலோவுக்கு 1 கிராம்னு தொடரணும். 2008ல வந்த ஐஸ்ங்கற பெரிய ஐவிஐஜி ஆய்வுல இப்படித்தான் குடுத்தாங்க, அதுல மருந்து வாங்கினவங்கள்ல 54 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெத்து மருந்து வாங்கினவங்கள்ல 21 சதவீதம் பேருக்கு. ஐவிஐஜி ஒடம்புல பாதியா குறையறதுக்கு மூணு வாரம் கிட்ட தான் ஆகும், அண்ணனுக்கோ நாலு மாசத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்காங்க. பணம் தான் காரணம்னு எனக்குத் தெரியும், ஒவ்வொரு பாட்டிலும் பல ஆயிரம் ரூபா, ரப்பரை நம்பி இருக்கற குடும்பத்துல யாரால தாங்க முடியும். ஆனா வைத்தியக் கணக்குல இதை 'ஐவிஐஜி ஃபெயில்'னு எழுத முடியாது, குறைஞ்ச அளவுல, இடைவெளி விட்டுப் போட்டிருக்குன்னு தான் எழுதணும்.

ஸ்டீராய்டும் அப்படித்தான். அஞ்சு வாரம் 40 மில்லிகிராம் சாப்பிட்டு சுகர் ஏறினதும் நிறுத்திட்டாங்க. இந்த வியாதியில தினமும் 60 கிட்ட ஆரம்பிச்சு பல மாசம் பைய பைய இறக்கணும், வேலை செய்யுதா இல்லையான்னு சொல்லவே ரெண்டு மூணு மாசம் ஆகும். சுகர் ஏறுறவங்களுக்கு மாசத்துல நாலு நாள் மட்டும் டெக்சாமெத்தசோன் 40 மில்லிகிராம்னு ஆறு மாசம் குடுக்கற முறையும் இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசின மாதிரி தெரியல. பிளாஸ்மா மூணு தடவையோட கதீட்டர்ல இன்ஃபெக்‌ஷன் வந்து நின்னு போச்சு, வழக்கமா அஞ்சாவது போகணும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதோட பிளாஸ்மாவோட பலன் சில வாரம் தான் நிக்கும், பின்னாடி வேற மருந்து இல்லாம அதை மட்டும் பண்ணினா எறங்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் சொல்றதால, அப்போ அதே மருந்தை முழு அளவுல திரும்பப் போடணும்னு தான் சொல்லப் போறேன்னு நினைச்சுடாதீங்க. அண்ணன் விஷயத்துல எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. அந்தக் கை நடுக்கம்.

வயசு சின்னது, சீக்கிரமா கூடின பலவீனம், கையில நடுக்கம், கண்ணை மூடினா தள்ளாட்டம், முதுகுநீர் புரோட்டீன் ரொம்ப உயரம் (சாதாரணமா 45க்கு கீழ தான் இருக்கும், அண்ணனுக்கு 310), ஐவிஐஜிக்கு ஒழுங்கா பதில் இல்லை. இதெல்லாம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து வந்தா நாங்க உடனே கேக்கறது, நியூரோஃபேசின் 155 ஆன்டிபாடி பாத்தாச்சா? அதோட கூட்டாளிங்க கான்டாக்டின் 1, காஸ்பர் 1. இந்த மூணும் நரம்போட மையலின் உறை முடியற எடத்துல, ரன்வியர் கணுன்னு சொல்ற இடைவெளி பக்கத்துல, உறையை நரம்போட சேத்துப் பிடிச்சிருக்கற புரதங்க. ஓலைக்கூரையில ஓலை நல்லாத்தான் இருக்கு, கட்டின கயிறு அறுந்ததால மொத்தமா சரிஞ்சுடுச்சுன்னு வைங்க, அது தான் இங்க நடக்குது. நெர்வ் கண்டக்‌ஷன்ல பாத்தா அச்சு அசல் சிஐடிபி மாதிரியே தெரியும், ஏன்னா அந்த மெஷின் சிக்னல் மெதுவாப் போகுதுன்னு மட்டும் தான் சொல்லும், எதனாலன்னு சொல்லாது.

இதுல முக்கியமானது, இந்த ஆன்டிபாடிங்க பெரும்பாலும் ஐஜிஜி4 வகை. சாதாரண ஐஜிஜி1 மாதிரி இது காம்ப்ளிமென்ட்டை (ரத்தத்துல இருக்கற, செல்லை அழிக்கற புரதக் கூட்டம்) கூப்பிட்டு அழிக்கறதில்ல, புரதத்தோட பிடிப்பை மறிச்சு நிக்கறதே அதோட வேலை. ஐவிஐஜி பெருசா வேலை செய்யற வழிகள் இங்க அவ்வளவா உதவாது, அதனால தான் எத்தனை பாட்டில் போட்டாலும் ரெண்டு வாரம் லேசா தெளிஞ்ச மாதிரி இருந்துட்டு மறுபடி எறங்கும். 2021ல ஐரோப்பிய நியூராலஜி அகாடமியும் பெரிஃபெரல் நெர்வ் சொசைட்டியும் சேர்ந்து போட்ட வழிகாட்டியில இதை சிஐடிபி கணக்குல இருந்தே பிரிச்சு 'ஆட்டோஇம்யூன் நோடோபதி'ன்னு தனியா வச்சுட்டாங்க. சிஐடிபின்னு பேர் வாங்கினவங்கள்ல நூத்துக்கு பத்துக்கு உள்ள தான் இது இருக்கும், ஆனா அண்ணன் மாதிரி அடையாளம் இருக்கறவங்கள்ல தேடாம விடவே கூடாது. சிறுநீர்ல புரோட்டீன் போகுதா, முகம் கால் வீங்குதான்னும் ஒரு தடவை பாருங்க, கான்டாக்டின் 1 இருந்தா கிட்னியும் சேர்ந்து பாதிக்கும்.

டெஸ்ட் விஷயத்துல கவனமா இருங்க. பக்கத்து லேபுல 'நரம்பு ஆன்டிபாடி'ன்னு கேட்டா ஜிஎம்1, ஜிக்யூ1பின்னு கேங்லியோசைடு பேனல் எடுத்துக் குடுத்துருவாங்க, அது வேற, அது நெகட்டிவ்னு வந்தா இதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. சீட்டுல 'நோடல் பாராநோடல் ஆன்டிபாடி, செல் பேஸ்டு அஸே'ன்னே டாக்டரை எழுதச் சொல்லுங்க. நியூரோஇம்யூனாலஜி லேப் இருக்கற பெரிய சென்டர் வழியா அனுப்பறது நல்லது. ரத்தம் எடுக்கறது அடுத்த பிளாஸ்மாவுக்கு முன்னாடி இருக்கட்டும், பிளாஸ்மா பண்ணினா ஆன்டிபாடியும் கழுவிப் போயிடும், ரிப்போர்ட் பொய்யா நெகட்டிவ் ஆயிடும்.

பாசிட்டிவ்னு வந்தா ரிட்டுக்ஸிமாப் தான் எங்க கையில இருக்கற நல்ல ஆயுதம். ஆன்டிபாடி செய்யற செல்லுங்களோட முன்னோடியான பி செல்லுங்களை இது காலி பண்ணும். ஒண்ணு வாரம் ஒரு தடவை வீதம் நாலு வாரம், இல்லேன்னா 1 கிராம் வீதம் ரெண்டு வார இடைவெளியில ரெண்டு தடவை. உடனே எதிர்பாக்காதீங்க, ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் முதல் மாற்றம் தெரியும், சிலருக்கு இன்னும் லேட்டாகும், அந்த நேரத்துல மனசு விட்டுடக் கூடாது. நம்ம நாட்டுல ஒரு வசதி, 2007லயே ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் இதோட பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்ததா வேற கம்பெனி செய்யறது) கொண்டு வந்துட்டாங்க, இப்போ பல கம்பெனி போடுது. ஒரு முழு ஐவிஐஜி கோர்ஸோட பக்கத்துல வச்சா செலவு ரொம்பக் கம்மி.

போடறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி கட்டாயம் பாக்கணும், மறைஞ்சு கெடக்கற வைரஸ் இந்த மருந்துல முழிச்சுக்கிட்டா லிவரே போயிடும். எச்பிஎஸ்ஏஜி (இப்போ வைரஸ் இருக்கான்னு காட்டற டெஸ்ட்) மட்டும் போதாது, ஆன்டி எச்பிசியும் (முன்னாடி எப்பவாவது வந்திருக்கான்னு காட்டறது) வேணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ஐவிஐஜி போட்டு கொஞ்ச நாள்ல இந்த டெஸ்ட் எடுத்தா ரத்தம் குடுத்தவங்களோட ஆன்டிபாடி உள்ள வந்திருக்கறதால ஆன்டி எச்பிசி சும்மாவே பாசிட்டிவ்னு காட்டும், அப்போ பயந்து மருந்தை விட்டுடாம எச்பிவி டிஎன்ஏ பாத்து முடிவு பண்ணச் சொல்லுங்க. டிபி, எச்ஐவி, ரத்தத்துல ஐஜிஜி அளவு இதெல்லாமும் பாத்துக்கணும். நிமோனியா தடுப்பூசி, ஃப்ளூ ஊசி ரெண்டையும் முடிஞ்சா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போட்டுடணும், பி செல் போனப்புறம் ஊசி போட்டா பிடிக்காது. முதல் டோஸ்ல காய்ச்சல், குளிர் நடுக்கம், பிரஷர் இறக்கம் வரலாம், அதனால பைய ஆரம்பிச்சு பக்கத்துல ஆள் நின்னு பாக்கற எடத்துல தான் போடணும். போட்ட கையோட பிளாஸ்மா பண்ணிட்டா மருந்து வெளிய போயிடும், ரெண்டையும் யார் முன்னாடி யார் பின்னாடின்னு திட்டம் போட்டு வச்சுக்கோங்க.

ஆன்டிபாடி இல்லேன்னு வந்தா இது சிஐடிபி தானான்னு மறுபடி முதல்ல இருந்து பாக்கணும். 2015ல அமெரிக்காவுல ஒரு ஆய்வுல, சிஐடிபின்னு சொல்லி அனுப்பின நோயாளிங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு அந்த வியாதியே இல்லேன்னு தெரிஞ்சுது. நான் முதல்ல தேடறது போயம்ஸ், ரத்தத்துல பிளாஸ்மா செல் கெட்டு நரம்பு, தோல், எலும்புன்னு பல எடத்தைப் பாதிக்கற வியாதி. தோல் கருத்துட்டு வருதா, நகம் வெளுத்துருக்கா, கால் வீக்கம், பிளேட்லெட் கூடுதலா இருக்கா பாருங்க. அதுக்கு ரத்தத்துல தப்பான புரதம் தேடற சீரம் இம்யூனோஃபிக்ஸேஷன் எடுக்கணும், வெறும் எலக்ட்ரோஃபோரெசிஸ்ல நழுவிடும், கூட வெஜிஎஃப் (ரத்தக்குழாயை வளக்கற புரதம்) அளவும், எலும்புக்கு ஸ்கேனும். போயம்ஸுக்கு வைத்தியமே வேற, சிஐடிபி மருந்து போட்டுக்கிட்டே இருந்தா காலம் தான் வீணாகும். நம்ம பக்கம் தொழுநோயும் நரம்பைத் தடிப்பாக்கும், தோல்ல ஒரு தழும்பும் இல்லாமலே வரலாம், அதையும் ஒதுக்கிட்டுத்தான் மேல போகணும். பரம்பரை நரம்பு வியாதி, அமைலாய்டு, மேக் ஆன்டிபாடி, லிம்ஃபோமா இதெல்லாமும் பட்டியல்ல உண்டு, உங்க டாக்டருக்குத் தெரியும்.

சிஐடிபி தான்னு உறுதியாச்சுன்னா, ஐவிஐஜியை முழு அளவுல, மூணு வார இடைவெளியில, ரெண்டு மூணு தடவையாவது போட்டு அளந்து பாக்கணும். 'கொஞ்சம் தேவலை'ன்னு வாயால சொல்றதை வச்சு ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. கைப்பிடி அளக்கற டைனமோமீட்டர் இருந்தா நல்லது, இல்லாட்டி வீட்டுலயே ஒரு நோட்டுல எழுதுங்க: பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி, சட்டை பட்டன் அஞ்சும் போட எத்தனை நொடி. அண்ணனுக்கு நான் இன்னொண்ணும் சொல்வேன், கம்பி வளையத்துல சிரட்டையைச் சரியா உக்கார வைக்கறது, அதுக்கு எத்தனை நொடி ஆகுது, எத்தனை தடவை கை தவறுதுன்னு. அவர் விரலுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை அது, மாற்றம் வந்தா அதுல தான் முதல்ல தெரியும். வாரம் ஒரே நாள், ஒரே நேரத்துல எடுத்தா டாக்டருக்கு அந்த நோட்டு ஒரு ஸ்கேனுக்கு சமம்.

அதுக்கு மேலயும் கேக்கலேன்னா சைக்ளோஃபாஸ்ஃபமைடு இருக்கு, ரிட்டுக்ஸிமாப் இருக்கு (ஆன்டிபாடி இல்லாதவங்கள்ல ஆதாரம் அவ்வளவு வலுவில்லை, சொல்லிடறேன்), அசதியோப்ரின், மைகோஃபினோலேட் இருக்கு, இதெல்லாம் மெதுவா வேலை செய்யறது, ஸ்டீராய்டு குறைக்க உதவும். மெத்தோட்ரெக்ஸேட், இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் மூணும் சோதனையில தேறல, யாராவது எழுதினா ஏன்னு கேளுங்க. புதுசா எஃப்கார்டிஜிமோட்னு ஒண்ணு, 2024 ஜூன்ல அமெரிக்காவுல சிஐடிபிக்கு அனுமதி குடுத்தாங்க, வாரா வாரம் தோலுக்கடியில போடற ஊசி, ஒடம்புல ஐஜிஜியை சீக்கிரம் வெளியேத்தும், ஒரு வகையில மெஷின் இல்லாத பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச். ஆனா விலை நம்ம குடும்பங்க நினைச்சுப் பாக்கற விலை இல்லை.

ஸ்டெம்செல். இதுல ரெண்டு விஷயத்தை ஒரே பேர்ல சொல்றாங்க, தயவு செஞ்சு பிரிச்சுப் பாருங்க. கடுமையான கீமோ குடுத்து எதிர்ப்பு சக்தியைத் துடைச்சுட்டு, முன்னாடியே எடுத்து வச்ச சொந்த ரத்த ஸ்டெம்செல்லை திருப்பி ஏத்தறது ஒண்ணு. அது எலும்பு மஜ்ஜை மாற்று யூனிட் இருக்கற பெரிய ஆஸ்பத்திரியில, வேற எல்லாம் தோத்தப்புறம், உயிர் ஆபத்தும் உண்டுன்னு தெரிஞ்சு பண்றது, நல்ல பலன் கிடைச்சவங்களும் இருக்காங்க. இன்னொண்ணு விளம்பரம் போட்டு முதுகுல ஊசி போடற கிளினிக். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டியில தெளிவா இருக்கு, ரத்த சம்பந்தமான வியாதிங்களுக்குத் தவிர மத்ததுக்கு ஸ்டெம்செல்லை அனுமதி வாங்கின ஆய்வுக்கு வெளிய காசு வாங்கிட்டுப் போடக் கூடாது. நெலத்தை அடமானம் வச்சு அங்க போயிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

இன்னொரு விஷயம், யாருமே கேக்க மாட்டாங்க. அண்ணன் தோட்டத்துல செருப்பில்லாம நடந்து பழகினவர். ஸ்ட்ராங்கிலாய்டிஸ்னு ஒரு குடல் புழு ஈர மண்ணுல இருந்து பாதம் வழியா ஏறி வருஷக்கணக்குல சத்தமில்லாம இருக்கும், பெரிய அளவு ஸ்டீராய்டு குடுத்ததும் பெருகி நுரையீரல் ரத்தம்னு பரவி ஆளையே கொன்னுடும். மலப் பரிசோதனையோ ரத்த டெஸ்டோ பண்ணுங்க, இல்லேன்னா ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஐவர்மெக்டின் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சின்ன மாத்திரை, சின்ன செலவு.

உழிச்சில் பத்தி, வெறும் எண்ணெய் போட்டு லேசா தடவி விடறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை, மனசுக்கு நல்லது, மூட்டு இறுகாம இருக்கும். சூடான கிழி வேண்டாம். உணர்ச்சி செத்த பாதத்துல சூடு தெரியாது, கிழி வச்சு வெந்து, மூணு நாள் கழிச்சு கொப்புளம் உடைஞ்சப்புறம் தான் வீட்டுல கவனிச்சாங்கன்னு வந்த காலை நானே கட்டுப் போட்டிருக்கேன். பஸ்பம், செந்தூரம் எதாவது சாப்பிட்டிருந்தா மறைக்காம சொல்லுங்க, ஈயம், ஆர்சனிக் ரெண்டும் நரம்பைத் தின்னும். அதே மாதிரி, மெடிக்கல்ல வாங்கித் தினமும் சாப்பிடற 'நரம்பு மாத்திரை'யையும் பாருங்க, பி6 100 மில்லிகிராம் வீதம் மாசக்கணக்குல போனா அதுவே தள்ளாட்டத்தைக் கூட்டலாம்.

எங்க போறதுன்னா, உங்களுக்கு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி கைக்கெட்டின தூரம், களியக்காவிளை தாண்டினா ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம், நரம்பு வியாதியில பேர் பெத்த எடம். வேலூர் சிஎம்சியும் அப்படித்தான், ஆனா ராத்திரிப் பயணம், தங்கற செலவு, பாத்ரூம் போகக் கூட ஆள் வேண்டிய நிலைமையில அண்ணன். நான் முதல்ல திருவனந்தபுரம் தான் சொல்வேன். ஆனா ஒண்ணு, நம்ம முதலமைச்சர் காப்பீடு வருஷத்துக்கு குடும்பத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இருந்தாலும் தமிழ்நாட்டுத் திட்டம் அது, அந்தப் பக்கம் செல்லுமான்னு போறதுக்கு முன்னாடியே கேளுங்க. நோயைக் கண்டுபிடிக்கறதையும் திட்டம் போடறதையும் அங்க முடிச்சுட்டு, மருந்தை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல ஏத்த முடியுமான்னு ரெண்டு பக்கமும் பேசிப் பாருங்க, பல குடும்பங்க அப்படிச் சமாளிக்கறாங்க. கையோட நெர்வ் கண்டக்‌ஷனோட முழு கிராஃப் தாள் (கடைசி வரி முடிவு மட்டும் இல்லை), முதுகுநீர் ரிப்போர்ட், எந்தத் தேதியில எத்தனை கிராம்னு ஒரே தாள்ல எழுதின கணக்கு, அந்த நோட்டு, எல்லாம் இருக்கட்டும்.

வெட்டுக்குப் போவாரான்னு கேட்டீங்க. உறையும் கணுவும் மட்டும் கெட்டிருந்தா திரும்ப வர்றதுக்கு எடம் நிறைய உண்டு, உள்ள இருக்கற ஆக்ஸானே (சிக்னல் போற நரம்பு இழை) போயிருந்தா அவ்வளவு வராது. உள்ளங்கையில பெருவிரல் அடிச் சதை இன்னும் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது நல்ல அறிகுறி, அதனால தான் டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன். நோடோபதியா இருந்து ரிட்டுக்ஸிமாப் பிடிச்சா நடுக்கம் கடைசியாத்தான் போகும், நடை முன்னாடி வரும், அதனால முதல் வருஷம் கத்தியை விட்டுட்டு ஷீட் அடிக்கற வேலை, பால் அளக்கற வேலை மாதிரி எதாவது பாக்கட்டும். காலையில இருட்டுல ஹெட்லைட் கட்டிக்கிட்டு சரிவுல ஏறுறதை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம், இருட்டுல அவர் பாதத்துக்கு தரை எங்க இருக்குன்னே தெரியாது. அதுவரைக்கும் கணுக்காலுக்கு ஸ்பிளின்ட், வீட்டுல குளியலறையில ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி முழுக்க ஒரு சின்ன லைட். ஆன்டிபாடி ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.